மக்கள் ஊடகங்களில் போக்கிமான்

போக்கிமான் என்பது ஜப்பானிய நிகழ்பட ஆட்டம் ஒன்றில் தொடங்கி, தொலைக்காட்சித் தொடர், திரைப்படம், சீட்டு விளையாட்டு, செல்பேசி விளையாட்டு எனப் பல வடிவங்களில் விரிந்த ஒரு கற்பனைத் தொகுதி ஆகும். கற்பனை உயிரினங்களைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பதே இதன் மையக் கருத்தாகும். இத்தொகுதிக்கு வெளியே, நகைச்சுவைத் தொடர்கள், அரசியல் மேடைகள், அறிவியல் ஆய்விதழ்கள், அருங்காட்சியகங்கள், நீதிமன்றங்கள் ஆகியவற்றில் போக்கிமான் எவ்வாறு எடுத்தாளப்பட்டுள்ளது என்பதையும், அதனால் எழுந்த சிக்கல்களையும் இக்கட்டுரை விளக்குகிறது. ஒரு படத்தின் உரிமை யாருக்கு என்ற கேள்வி இவற்றுள் பலவற்றிலும் தலைகாட்டுகிறது. ஆரணி போன்ற பட்டு நெசவு நகரத்துக்கும் அக்கேள்வி அயலானதன்று.

பின்னணி

போக்கிமான் ஆட்டத்தை உருவாக்கியவர் சத்தோசி தாசிரி. சிறுவயதில் பூச்சிகளைப் பிடித்துச் சேர்ப்பதில் இவருக்கு இருந்த ஆர்வமே இந்த ஆட்டத்துக்கு வித்திட்டது. பொன்வண்டைத் தீப்பெட்டிக்குள் வைத்து இலை போட்டு வளர்த்த தமிழ்நாட்டுச் சிறுவர்களுக்கு இந்த ஆர்வத்தை விளக்க வேண்டியதில்லை. நகரம் விரிந்து வயல்களும் குளங்களும் மறைந்ததால், அடுத்த தலைமுறைச் சிறுவர்களுக்குக் கிட்டாமற்போன அந்த இன்பத்தைக் கையடக்கக் கருவியில் தர அவர் எண்ணினார்.

நின்டென்டோ நிறுவனத்தின் கேம் பாய் கருவிக்காக 'சிவப்பு', 'பச்சை' என இரு பதிப்புகள் பெப்ரவரி 27, 1996 அன்று ஜப்பானில் வெளிவந்தன. 'பாக்கெட் மான்ஸ்டர்ஸ்' (சட்டைப்பை அரக்கர்கள்) என்பதன் சுருக்கமே போக்கிமான். முதல் ஆட்டத்தில் 151 உயிரினங்கள் இருந்தன. அவற்றுள் சில ஒரு பதிப்பில் மட்டுமே கிடைக்கும். எனவே எல்லாவற்றையும் சேர்க்க விரும்புபவர், மற்றப் பதிப்பை வைத்திருக்கும் நண்பரின் கருவியுடன் கம்பி மூலம் இணைத்து மாற்றிக்கொள்ள வேண்டும். விற்பனைக்கும் நட்புக்கும் ஒருசேர வழிசெய்த இந்த ஏற்பாடே போக்கிமான் பரவியதற்கு முதற்காரணம் எனலாம். ஏப்ரல் 1, 1997 அன்று தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது. 1998இல் அமெரிக்காவை அடைந்த இத்தொகுதி, நவம்பர் 22, 1999 நாளிட்ட 'டைம்' இதழின் அட்டைப்படமாகும் அளவுக்கு வளர்ந்தது. அட்சுகோ நிசிடா வரைந்த மஞ்சள் நிற மின் எலியான பிகாச்சு இத்தொகுதியின் முகமாக மாறியது.

ஒளிச்சிமிட்டல் நிகழ்வும் நையாண்டிகளும்

போக்கிமானைப் பற்றிய தொடக்ககால நையாண்டிகளைப் புரிந்துகொள்ள ஒரு விபத்தைப் பற்றி அறிந்திருக்க வேண்டும். டிசம்பர் 16, 1997 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான தொடரின் 38ஆவது அத்தியாயத்தில், கணினிக்குள் நடக்கும் சண்டைக் காட்சி ஒன்று இடம்பெற்றது. பிகாச்சுவின் மின்தாக்குதலால் ஏவுகணைகள் வெடிப்பதைக் காட்டத் திரை முழுவதும் சிவப்பும் நீலமும் வினாடிக்கு ஏறத்தாழ 12 முறை மாறிமாறி ஒளிர்ந்தன. அதைப் பார்த்த சிறுவர்களுள் பலருக்கு வலிப்பு, குமட்டல், தலைச்சுற்றல் ஆகியவை ஏற்பட்டன. 685 பேர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தொடர் நான்கு மாதங்கள் நிறுத்திவைக்கப்பட்டு ஏப்ரல் 16, 1998 அன்றுதான் மீண்டும் தொடங்கியது. அந்த அத்தியாயம் அதன் பின் எந்த நாட்டிலும் ஒளிபரப்பப்படவில்லை.

ஒளிச்சிமிட்டலால் தூண்டப்படும் வலிப்பு மருத்துவ உலகம் முன்பே அறிந்த ஒன்றுதான். மூளையின் பார்வைப் பகுதியில் உள்ள நரம்பணுக்கள் சிமிட்டலின் வேகத்துக்கு ஏற்ப ஒரே நேரத்தில் தூண்டப்படுவதால் இது நிகழ்கிறது. சிவப்பு ஒளி இதற்குக் கூடுதல் காரணியாக அமைகிறது. புதிதாக இருந்தது, ஒரே மாலையில் ஒரே காட்சியால் நாடு முழுவதும் இது நேர்ந்தது என்பதே. இதையடுத்து 1998இல் ஜப்பானிய ஒளிபரப்பு நிறுவனங்கள் சிமிட்டல் வேகத்துக்கு வரம்பு விதித்தன. பிற்காலத்தில் இணையப் பக்கங்களின் அணுக்கத்துக்கான பன்னாட்டு வழிகாட்டுதல்களிலும், வினாடிக்கு மூன்று முறைக்கு மேல் எதுவும் சிமிட்டக்கூடாது என்ற விதி இடம்பெற்றது. இணையத்தளம் வடிவமைப்போர் இன்றும் பின்பற்ற வேண்டிய விதி இது.

அமெரிக்க நையாண்டித் தொடர்கள் இந்நிகழ்வை உடனே பற்றிக்கொண்டன. மே 16, 1999 அன்று ஒளிபரப்பான 'சிம்ப்சன்ஸ்' அத்தியாயம் ஒன்றில், டோக்கியோவுக்குச் செல்லும் குடும்பம் விடுதி அறையில் ஜப்பானிய இயங்குபடம் ஒன்றைப் பார்க்கிறது. பார்த்த அனைவரும் ஒருவர்பின் ஒருவராகத் தரையில் விழுந்து துடிக்கின்றனர். இதே தொடரின் 2001ஆம் ஆண்டு அத்தியாயம் ஒன்றுக்குப் 'போக்கி மாம்' எனத் தலைப்பிடப்பட்டது. அதன் கதைக்கும் போக்கிமானுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பெயரின் ஓசையைக் கேட்டாலே எவரும் புரிந்துகொள்வர் என்ற நிலை அதற்குள் வந்துவிட்டதையே அத்தலைப்பு காட்டுகிறது.

இவற்றுள் கூர்மையானது நவம்பர் 3, 1999 அன்று ஒளிபரப்பான 'சவுத் பார்க்' தொடரின் 'சின்போக்கோமான்' அத்தியாயம். அதில் ஊர்ச் சிறுவர்கள் அனைவரும் ஒரு ஜப்பானிய பொம்மைத் தொகுதிக்கு அடிமையாகின்றனர். பெற்றோர் தடுக்கத் தடுக்க ஆர்வம் பெருகுகிறது. இறுதியில் பெற்றோர் தாங்களும் அந்தப் பொம்மைகளை விரும்புவதாக நடிக்கின்றனர். பெரியவர்களுக்குப் பிடித்த ஒன்று தங்களுக்கு எதற்கு என்று சிறுவர்கள் அதைத் தூக்கியெறிகின்றனர். பொம்மையைக் கேலிசெய்வதாகத் தொடங்கும் கதை, உண்மையில் பெற்றோரையும் விளம்பர உலகையும் கேலிசெய்து முடிகிறது. இந்த அத்தியாயம் எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

அந்த விபத்தில் ஒளியைச் சிமிட்டவைத்தது பிகாச்சுவின் தாக்குதல். ஆயினும் அந்த அத்தியாயத்தின் கதைமாந்தராக அறிமுகமான போரிகான் என்ற உயிரினமே அதன் பின் தொடரில் முதன்மையாகத் தோன்றாமல் ஒதுக்கப்பட்டது. 2020இல் போக்கிமானின் அலுவல்முறை டுவிட்டர் கணக்கில், போரிகான் எந்தத் தவறும் செய்யவில்லை என்று ஒரு வரி வெளியாகி, சிறிது நேரத்தில் நீக்கப்பட்டது.

அரசியல் மேடைகளில்

நையாண்டிப் பாடகர் 'வியர்ட் ஆல்' யான்கோவிக் 2000ஆம் ஆண்டு போக்கிமான் திரைப்படத்துக்காகப் 'போல்காமான்' என்ற பாடலைப் பாடினார். அதே படத்தில் டோனா சம்மர் பாடிய மற்றொரு பாடல் எதிர்பாராத இடத்தில் ஒலித்தது. அமெரிக்கக் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக முயன்ற எர்மன் கெயின், 2011 ஆகத்து மாதத்தில் நடந்த விவாதத்தில் சில வரிகளை ஒரு கவிஞரின் கூற்றாக எடுத்துக்காட்டினார். அவை அந்தத் திரைப்படப் பாடலின் வரிகள் என்பதைச் செய்தியாளர்கள் கண்டுபிடித்தனர். டிசம்பர் 3, 2011 அன்று தன் பரப்புரையை நிறுத்திக்கொள்வதாக அறிவித்த உரையில் அவர் அதே வரிகளை மீண்டும் கூறி, அவை போக்கிமான் படத்திலிருந்து வந்தவை என்று ஒப்புக்கொண்டார்.

2016 சூலையில் இலரி கிளின்டன், 'போக்கிமான் கோ' என்ற ஆட்டத்தின் பெயரையே 'வாக்குச்சாவடிக்குச் செல்லுங்கள்' என்று பொருள்படும்படி சிலேடையாக்கிப் பேசினார். தேர்தல் மேடைகளில் சிலேடை கேட்டுப் பழகிய தமிழ் காதுக்கு இது எளிய முயற்சியாகவே தோன்றும். அங்கும் அது பாராட்டைவிடக் கேலியையே மிகுதியாகப் பெற்றது.

வேட்பாளர்களின் கையில் செயற்கையாகத் தோன்றிய பிகாச்சு, தெருவில் இறங்கியபோது வேறு பொருள் பெற்றது. 2019இல் சிலி நாட்டில் எழுந்த மக்கள் போராட்டத்தில், பள்ளி வாகன ஓட்டுநரான கியோவானா கிராண்டோன் காற்றடைத்த பிகாச்சு உடையில் ஆடினார். 'பிகாச்சு அத்தை' என்று அழைக்கப்பட்ட இவர், 2021இல் புதிய அரசியலமைப்பை எழுதுவதற்கான 155 பேர் கொண்ட பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2025 மார்ச் மாதத்தில் துருக்கியின் அன்டால்யா நகரில் நடந்த எதிர்ப்புப் போராட்டத்தின்போது, பிகாச்சு உடையணிந்த ஒருவர் காவலர்களிடமிருந்து ஓடும் காட்சி உலகெங்கும் பரவியது. முகத்தை மறைக்கும் உடை, அதே வேளையில் எவரையும் அச்சுறுத்தாத உருவம் என்ற இரு தன்மைகளும் சேர்ந்திருப்பதே போராட்டக்காரர்களுக்கு இது ஏற்றதாக அமைந்ததற்குக் காரணமாகலாம்.

அறிவியல் பெயர்களில்

அறிவியலாளர்களும் தங்கள் கண்டுபிடிப்புகளுக்குப் போக்கிமான் பெயர்களைச் சூட்டியுள்ளனர். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2008இல் விழித்திரையில் உள்ள ஒரு புரதத்துக்குப் 'பிகாச்சுரின்' எனப் பெயரிட்டனர். ஒளியுணரும் அணுக்களிலிருந்து அடுத்த நரம்பணுவுக்குச் செய்தி விரைந்து செல்ல இப்புரதம் தேவை. மின்னல் வேகத்துக்குப் பிகாச்சு பெயர்பெற்றது என்பதே இப்பெயருக்கான காரணம். 2014இல் தொல்பழங்காலப் பறக்கும் ஊர்வன இனம் ஒன்றுக்கு 'ஏரோடாக்டைலசு' என்ற பேரினப் பெயர் இடப்பட்டது. போக்கிமானில் வரும் ஏரோடாக்டைல் என்ற உயிரினத்தின் பெயரே 'டெரோடாக்டைல்' என்ற தொல்லுயிரின் பெயரைத் தழுவியது. எனவே ஆய்வகத்திலிருந்து கடன்போன பெயர் விளையாட்டு வழியாக ஆய்வகத்துக்கே திரும்பிவந்தது எனலாம். சிலி நாட்டுத் தேனீ இனம் ஒன்று 2016இலும், ஆத்திரேலிய வண்டினங்கள் மூன்று 2020இலும் இவ்வாறே பெயர்பெற்றன.

இப்பெயர்சூட்டல்களுள் ஒன்று மட்டும் வழக்கு மிரட்டல் வரை சென்றது. நியூயார்க்கில் உள்ள மெமோரியல் சுலோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் பியர் பாவுலோ பாண்டோல்ஃபி தலைமையிலான குழு, புற்றுநோய்க்கு வழிவகுக்கும் ஒரு மரபணுவை ஆராய்ந்தது. 'பிஓகே எரித்ராய்டு மைலாய்டு ஆன்டோஜெனிக் ஃபேக்டர்' என்ற நீண்ட பெயரைச் சுருக்கினால் 'போக்கிமான்' என்று வரும்படி அக்குழு பெயர் அமைத்தது. ஆய்வு 2005 சனவரியில் 'நேச்சர்' இதழில் வெளியானதும், போக்கிமான் புற்றுநோயை உண்டாக்குகிறது என்ற பொருள்படும் செய்தித் தலைப்புகள் வரத் தொடங்கின. போக்கிமானின் அமெரிக்க நிறுவனம் சட்ட நடவடிக்கை எடுக்கப்போவதாக எச்சரித்தது. ஆய்வாளர்கள் அப்பெயரைக் கைவிட்டு 'ஸெட்பிடிபி7' என்ற பெயருக்கு மாறினர்.

நிறுவனத்தின் எரிச்சலைப் புரிந்துகொள்ள முடியும். ஆனால் விளையாட்டுப் பெயர்களால் வரும் மற்றொரு தீங்கு இதைவிடப் பெரிது. 1993இல் 'சோனிக் எட்சாக்' என்ற நிகழ்பட ஆட்டப் பாத்திரத்தின் பெயர் ஒரு மரபணுவுக்கு இடப்பட்டது. அந்த மரபணுவில் ஏற்படும் பிழை, கருவின் மூளை இரு பாதிகளாகப் பிரியாத கடும் குறைபாட்டை உண்டாக்கக்கூடும். அதைப் பெற்றோரிடம் விளக்கும் மருத்துவர், ஒரு கேலிச்சித்திரப் பாத்திரத்தின் பெயரைச் சொல்லியாக வேண்டிய நிலை ஏற்பட்டது. ஆய்வகத்தில் சிரிப்பூட்டும் பெயர் மருத்துவமனையில் அவ்வாறு இருப்பதில்லை.

இந்தியாவில் போக்கிமான்

இந்தியாவில் போக்கிமான் தொடர் 2003இல் கார்ட்டூன் நெட்வொர்க் தொலைக்காட்சியில் வரத் தொடங்கியது. அப்போது பள்ளியில் படித்த தலைமுறையினருக்குப் பிகாச்சு, ஆஷ் ஆகிய பெயர்கள் நன்கு பழக்கமானவை. 2024இல் 'போக்கிமான் ஒரைசன்ஸ்' என்ற புதிய தொடர் அங்காமா தொலைக்காட்சியில் இந்தி, தெலுங்கு மொழிகளுடன் தமிழிலும் வெளியானது.

2016 சூலை 6 அன்று அமெரிக்கா, ஆத்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் போக்கிமான் கோ வெளியானது. நியான்டிக் நிறுவனம் உருவாக்கிய இந்தச் செல்பேசி ஆட்டத்தில், விளையாடுபவர் உண்மையான தெருக்களில் நடந்துசென்று உயிரினங்களைப் பிடிக்க வேண்டும். அதே மாதம் 22ஆம் நாள் ரஜினிகாந்த் நடித்த 'கபாலி' வெளியானது. அதற்கென ஏர் ஏசியா வானூர்தி ஒன்றில் அவரது உருவம் தீட்டப்பட்டது தமிழகத்தில் பெருஞ்செய்தியானது. ஜப்பானின் ஆல் நிப்பான் ஏர்வேஸ் நிறுவனம் 1998இலேயே தன் வானூர்திகளில் போக்கிமான்களைத் தீட்டியிருந்தது என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

ஆட்டம் இந்தியாவில் முறைப்படி வெளியாகும் முன்பே, வேறு வழிகளில் நிறுவிக்கொண்டு பலர் விளையாடத் தொடங்கினர். 2016 செப்டம்பரில் குசராத்து உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு ஒன்று தொடரப்பட்டது. இந்து, சமணக் கோயில்கள் அமைந்த இடங்களில் ஆட்டம் முட்டைகளைப் பரிசாகக் காட்டுகிறது, புலால் உணவைத் தவிர்க்கும் வழிபாட்டிடங்களில் முட்டை தோன்றுவது சமய உணர்வைப் புண்படுத்துகிறது என்பது வழக்கின் சாரம். நீதிமன்றம் நியான்டிக் நிறுவனத்துக்கும் அரசுக்கும் அறிவிப்பு அனுப்ப ஆணையிட்டது.

திரையில் தெரியும் முட்டைக்கு வழக்கா என்று சிரித்தவர்கள் பலர். ஆனால் ஆட்டத்தின் இயங்குமுறையை அறிந்தால் வழக்கின் அடிப்படைக் கேள்வி நேர்மையானது என்பது விளங்கும். போக்கிமான் கோவில் பொருட்கள் கிடைக்கும் இடங்கள் 'போக்கிஸ்டாப்' எனப்படுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை நியான்டிக்கின் முந்தைய ஆட்டமான 'இங்கிரெஸ்' விளையாடியவர்கள் படம் எடுத்து அனுப்பிய இடங்களின் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டவை. சிலை, சிற்பம், நினைவுச்சின்னம், வழிபாட்டிடம் ஆகியவையே அத்தகைய பட்டியலில் மிகுதியாக இடம்பெறும். இந்திய ஊர்களில் அவை பெரும்பாலும் கோயில்களாக அமைவது இயல்பே. அந்த இடத்தின் பொறுப்பாளரிடம் எவரும் ஒப்புதல் கேட்டதில்லை. இதே சிக்கல் மேலைநாடுகளிலும் எழுந்தது. ஆசுவிட்சு வதைமுகாம் நினைவிடமும், வாசிங்டனில் உள்ள யூதப் பேரழிவு அருங்காட்சியகமும் தங்கள் வளாகத்தில் விளையாட வேண்டாம் என்று 2016 சூலையில் கேட்டுக்கொண்டன. முட்டை என்ற சொல்லை நீக்கிவிட்டுப் பார்த்தால் இரண்டும் ஒரே முறையீடுதான்.

டிசம்பர் 14, 2016 அன்று ரிலையன்ஸ் ஜியோவுடன் இணைந்து ஆட்டம் இந்தியாவில் முறைப்படி வெளியானது. ரிலையன்ஸ் கடைகள் போக்கிஸ்டாப்புகளாக மாற்றப்பட்டன. கோயில்கள் கேட்காமலே பெற்ற இடத்தை, கடைகள் ஒப்பந்தத்தின் மூலம் பெற்றன. 2023இல் ஆட்டம் இந்தியிலும் கிடைக்கத் தொடங்கியது.

இதே தொகுதியைச் சவூதி அரேபிய சமய அறிஞர்கள் 2001இல் தடைக்குரியதாக அறிவித்திருந்தனர். 2025இல் நியான்டிக்கின் விளையாட்டுப் பிரிவை வாங்கிய ஸ்கோப்லி நிறுவனமோ சவூதி அரசு நிதியத்தின் உடைமையாகும்.

கைவினைக் கலைகளில்

2023 மார்ச் முதல் சூன் வரை ஜப்பானின் கனசாவா நகரில் உள்ள தேசியக் கைவினை அருங்காட்சியகத்தில் போக்கிமானும் கைவினையும் பற்றிய கண்காட்சி நடந்தது. மட்பாண்டம், உலோகம், அரக்குவேலை, துணி எனப் பல துறைகளைச் சேர்ந்த 20 கலைஞர்கள் தத்தம் மரபு நுட்பத்தில் போக்கிமான்களைப் படைத்தனர். துணிக் கலைஞர் ரெய்கோ சூடோ பின்னல் சரிகைத் துணியால் பிகாச்சுக் காடு ஒன்றை அமைத்தார். 'எடோ கொமோன்' எனப்படும் நுண்புள்ளிச் சாயமுறையிலும் போக்கிமான் உருவங்கள் கிமோனோத் துணியில் ஏறின. உரிமையாளரே கைவினைஞரை அழைத்து, பெயர் சொல்லிச் செய்வித்தது இக்கண்காட்சியின் சிறப்பு.

அதே ஆண்டு செப்டம்பரில் ஆம்சுடர்டாமின் வான் கோ அருங்காட்சியகம் நடத்திய போக்கிமான் நிகழ்ச்சி வேறு விதமாக முடிந்தது. வான் கோவின் தன்னுருவ ஓவியத்தைத் தழுவிய பிகாச்சுச் சீட்டு ஒன்று பார்வையாளர்களுக்கு வழங்கப்பட்டது. அதை மறுவிற்பனை செய்வோர் திரண்டதால் ஏற்பட்ட நெரிசலையடுத்து, அக்டோபரில் சீட்டு வழங்குவதை அருங்காட்சியகம் நிறுத்தியது.

ஆரணியும் படத்தின் உரிமையும்

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் அமைந்துள்ள ஆரணி, பட்டுச் சேலைகளுக்குப் பெயர்பெற்ற ஊர் ஆகும். கற்பனை உயிரினங்களைத் துணியில் சேர்ப்பது இப்பகுதி நெசவாளர்களுக்குப் புதிதன்று. சிங்க உடலும் யானைத் துதிக்கையும் கொண்ட யாளி, இரண்டு தலையும் ஓருடலும் உடைய இருதலைப்பட்சி, அன்னப்பட்சி ஆகியவை தென்னாட்டுப் பட்டுச் சேலைகளின் கரையிலும் முந்தியிலும் நெடுங்காலமாக நெய்யப்படுகின்றன. இரு விலங்குகளின் உறுப்புகளைச் சேர்த்துப் புதிய விலங்கு செய்வதும், அதற்கொரு பெயரும் ஆற்றலும் தருவதும் போக்கிமான் வடிவமைப்பாளர்களின் முறையும்கூட.

தொழில்நுட்பத்திலும் ஓர் ஒற்றுமை உண்டு. கேம் பாய் கருவியின் திரை 160 கட்டம் அகலமும் 144 கட்டம் உயரமும் கொண்டது. நிறங்கள் நான்கு சாயல்கள் மட்டுமே. முதல் ஆட்டத்தில் எதிரில் தோன்றும் போக்கிமானின் உருவம் அதிகபட்சம் 56க்கு 56 கட்டங்களுக்குள் அடங்க வேண்டும். அதாவது மொத்தம் 3136 கட்டங்கள். ஜக்கார்டு தறிக்கு வடிவம் வரைபவரும் இதையே செய்கிறார். கட்டம் போட்ட தாளில் எந்தக் கட்டம் நிரம்பும், எது வெறுமையாகும் என்று குறிக்கிறார். தாளின் ஒவ்வொரு நெடுவரிசையும் தறியின் ஒரு கொக்கிக்கு உரியது. ஒவ்வொரு கிடைவரிசையும் துளையிட்ட ஓர் அட்டைக்கு உரியது. துளை உள்ள இடத்தில் கொக்கி உயர்ந்து பாவு நூலைத் தூக்கும். ஊடை அதன் அடியில் செல்லும். கைத்தறிகளில் 120, 240 கொக்கிகள் கொண்ட பெட்டிகள் வழக்கில் உள்ளன. எனவே 56 கட்ட அகலமுள்ள ஒரு பிகாச்சுவைப் புட்டாவாக நெய்வதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. பிரான்சில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோசப் மாரி ஜக்கார்டு உருவாக்கிய இந்தத் துளையட்டைதான், பின்னர் சார்லஸ் பாபேச்சின் கணிப்பொறித் திட்டத்துக்கும் வழிகாட்டியது.

தடை இருப்பது சட்டத்தில். 2008இல் சென்னை சில்க்ஸ் நிறுவனம் ராஜா ரவி வர்மாவின் ஓவியங்களைக் கொண்ட பட்டுச் சேலை ஒன்றை ஏறத்தாழ 40 இலட்சம் ரூபாய்க்கு விற்று, உலகின் விலையுயர்ந்த சேலை என்று கின்னஸ் பதிவில் இடம்பெற்றது. ரவி வர்மா 1906இல் மறைந்தவர். இந்தியச் சட்டப்படி பதிப்புரிமை படைப்பாளியின் வாழ்நாளுக்குப் பின் 60 ஆண்டுகள் வரையே நீடிக்கும். ஆகவே அந்த ஓவியங்களை எவரும் நெய்யலாம். பிகாச்சுவுக்கு அந்த நிலை இல்லை. இந்தியாவும் ஜப்பானும் பெர்ன் உடன்படிக்கையின் உறுப்பினர்கள் என்பதால் ஜப்பானிய ஓவியத்துக்கு இங்கும் காப்பு உண்டு. உரிமம் பெறாமல் நெய்து விற்பது சட்டமீறல் ஆகும்.

நெசவாளர் தானே வரைந்த புதிய புட்டாவுக்கு அதே அளவு காப்பு உண்டா என்றால், இல்லை என்பதே விடை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, வடிவமைப்புச் சட்டத்தில் பதிவுசெய்யத்தக்க ஒரு வடிவம் பதிவுசெய்யப்படாமல், தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் பொருட்களில் படியெடுக்கப்பட்டால், அதற்கான பதிப்புரிமை முடிந்துவிடும். இருக்கைத் துணிகளின் வடிவங்களைப் பற்றிய மைக்ரோஃபைபர்ஸ் வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 2009இல் எடுத்த நிலைப்பாட்டின்படி, தனிக் கலைப்படைப்பாக நிற்கும் ஓவியத்தின் உரிமை முழுக்காலமும் தொடரும். பொருளில் ஏற்றுவதற்கென்றே உருவாக்கிய வடிவத்துக்குத்தான் இந்த வரம்பு. இதனால், திரைக்கும் சீட்டுக்குமாக வரையப்பட்ட மஞ்சள் எலி பல பத்தாண்டுகள் காப்புப் பெறும். சேலைக்கென்றே வரையப்பட்ட மயில் ஐம்பத்தோராவது படியுடன் பொதுச்சொத்தாகிவிடலாம்.

ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றுள்ளது. அதற்கான சட்டம் 1999இல் இயற்றப்பட்டு செப்டம்பர் 15, 2003 அன்று நடைமுறைக்கு வந்தது. வேறிடத்தில் நெய்ததை ஆரணிப் பட்டு என்று விற்பதை இது தடுக்கிறது. ஆனால் இது ஊர்ப்பெயரைக் காக்குமே தவிர, ஒரு நெசவாளரின் பூவேலையைக் காக்காது. ஆரணிச் சேலையை வெளியூர்க் கடையில் வேறு ஊர்ப்பெயரில் விற்பதற்கும் இதனிடம் நேரடி மருந்து இல்லை. 1985ஆம் ஆண்டு கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சிலவகைச் சேலைகளை விசைத்தறியில் நெய்யக்கூடாது என்கிறது. அதுவும் நெய்யும் முறையைப் பற்றியதே, வடிவத்தைப் பற்றியதன்று.

உரிமையாளர் விரும்பினால் எத்தனை வகைச் சட்டங்களைக் கையாளலாம் என்பதற்குப் போக்கிமானே சான்று. 2024 சனவரியில் வெளியான 'பால்வேர்ல்டு' என்ற ஆட்டத்தின் உயிரினங்கள் போக்கிமான்களைப் போலவே இருப்பதாகப் பலர் சுட்டிக்காட்டினர். ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் நின்டென்டோவும் போக்கிமான் நிறுவனமும் டோக்கியோ மாவட்ட நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு, உருவ ஒற்றுமையை அன்றி, ஆட்டத்தின் இயங்குமுறைகளுக்கான காப்புரிமங்களையே அடிப்படையாகக் கொண்டது.

நெசவாளருக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ எஞ்சியிருக்கும் நேரடி வழி 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்வதாகும். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். மேலும் 5 ஆண்டுகள் நீட்டிக்கலாம். வடிவம் புதியதாக இருக்க வேண்டும் என்பது முதன்மை விதி. விண்ணப்பிக்கும் முன்பே கடையில் தொங்கவிடப்பட்ட சேலையின் வடிவம் வெளியிடப்பட்டதாகவே கருதப்படும். அதன் பின் அதைப் பதிவுசெய்ய இயலாது.